எம்.எம்.சி. என்றால் என்ன?

ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் வந்து போகிற எனக்கு, சென்ட்ரல் புறநகர் நிலையத்தின் சுருக்கப் பெயர் எம்.எம்.சி. என்பது முதல் வருடத்திலேயே மனப்பாடம். மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். ஆனால் அப்படியொரு மார்க்கெட் எங்கே என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு சனிக்கிழமை தெர்மோடைனமிக்ஸ் புத்தகம் தேவைப்பட்டபோதுதான் யோசித்தேன். புதுசு எழுநூறு ரூபாய்க்கு மேல். என் பையில் இருந்தது முந்நூறு.

"மூர் மார்க்கெட் போடா, அங்கே கிடைக்கும்" என்றார் அப்பா. அவர் சொன்ன மூர் மார்க்கெட் நான் தினமும் இறங்குகிற பிளாட்பாரத்துக்கு அடியில் போய்விட்டது. மதராஸ் மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்ட, பிராட்வே பக்கம் கடை போட்டிருந்தவர்களுக்காக எழும்பிய சிவப்புக் கட்டடம் அது. 1900-இல் திறந்தார்கள். 1985 மே 30-இல் தீ விபத்தில் எரிந்துபோனது. அந்த இடத்தில் ரயில் நிலையம் வந்தது. வியாபாரிகள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். குளத்தைத் தூர்த்துக் கட்டியது என்பதால், இப்போது அங்கே அல்லியும் இல்லை, குளமும் இல்லை.

நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். உள்ளே போனால் முதலில் மூக்குக்குத்தான் தெரிகிறது: பழைய தாள், தூசி, ஈரம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நிற்க வேண்டிய சந்து. இருபக்கமும் கூரை வரை புத்தகம். ஒரு கடையில் இசைத்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஐயா ஒருவர், ஒவ்வொன்றையும் டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் பார்த்தார். அரை மணி கழித்து நான் திரும்பி வந்தபோதும் அங்கேயே இருந்தார்.

மூன்றாவது கடையில் நின்று பாடத்தின் பேரைச் சொன்னேன். கடைக்கார அண்ணன் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"எந்த ரெகுலேஷன் தம்பி? பதினேழா, இருபத்தொண்ணா?"

2017, 2021 என்று ஆண்டைச் சொல்லி அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை இவ்வளவு சரளமாகக் கேட்டவர் எங்கள் கல்லூரிக்கு வெளியே இவர்தான். இருபத்தொன்று என்றேன். இந்தப் பாடத்துக்குப் பழைய புத்தகமே போதும், பெரிசா மாறலை என்றார். கூடவே ஸ்டீம் டேபிள் ஒன்றை, அதாவது தேர்விலும் பார்த்துக்கொள்கிற நீராவி அட்டவணைப் புத்தகத்தை, எடுத்து வைத்தார். "அதுல எழுத்து ஏதாச்சும் இருக்கான்னு பாத்துக்கோ. எழுதியிருந்தா எக்ஸாம் ஹால்ல பிடுங்கிடுவாங்க." புரட்டினேன், சுத்தம்.

இரண்டுக்கும் சேர்த்து முந்நூற்றைம்பது சொன்னார். நான் இருநூறு என்றேன். அவர் புத்தகங்களைத் திரும்ப அடுக்கில் வைப்பதுபோல் கையை நீட்டினார். சரி, இருநூற்றைம்பது. "செமஸ்டர் முடிஞ்சதும் கொண்டுவா, நல்லா இருந்தா பாதி விலைக்கு எடுத்துக்கிறேன்."

திரும்பும்போது வில்லிவாக்கம் தாண்டியதும் புத்தகத்தைத் திறந்தேன். முதல் அத்தியாயத்தில் முன்னவர் பென்சிலால் அடிக்கோடு போட்டுத் தள்ளியிருந்தார். இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவதிலிருந்து ஒன்றுமில்லை, அப்பாடா, நம்ம ஆள் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம்தான் பார்த்தேன். 160-க்கு அடுத்த பக்கம் 177.

மானம் போனாலும் பரவாயில்லை என்று அடுத்த சனிக்கிழமை திரும்பப் போனேன். அண்ணன் கோபப்படவில்லை. புத்தகத்தை விரித்து, தையலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"கிழிச்ச தடம் இல்ல பாரு. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். பைண்டிங்லயே ஒரு ஃபாரம் விட்டுப்போயிருக்கு. புதுசா வாங்குனவன் படிச்சிருந்தா அன்னிக்கே கடையில குடுத்து மாத்தியிருப்பான்."

அப்படியென்றால் புத்தகம் இத்தனை நாள் கையில் இருந்தும் முன்னவர் அந்த இடம் வரை வரவே இல்லை. வேறு பிரதி அவரிடம் இல்லை. ஐம்பது ரூபாயை எடுத்து நீட்டினார். கேட்காமலே கொடுத்ததில் எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. போன வாரம் நானே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் பக்க எண்ணைத்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பார்களாம். இதையும் அவர்தான் சொன்னார், பணத்தைக் கொடுத்த பிறகு.

வகுப்பில் ஒருத்தியிடம் அதே புத்தகம் இருந்தது. பதினாறு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து, ஓரம் வெட்டி, 160-க்கும் 177-க்கும் நடுவில் ஒட்டிவிட்டேன். செமஸ்டர் முடிந்து அண்ணனிடம் விற்கும்போது, அந்தப் பதினாறு பக்கத்துக்கும் சேர்த்து விலை கேட்பதாக இருக்கிறேன்.