25 விநாடிக்கு ஓர் உதை

டிசம்பர் 8, கோத்தகிரி

கம்பளிக்குள் போனதும் தொடங்கிவிட்டது. வலி என்று சொல்ல முடியாது. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்குள் ஏதோ நெளிகிற மாதிரி ஒரு குடைச்சல். ஆட்டினால் போகும், நிறுத்தினால் வரும். எழுந்து அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். தரை ஐஸ். "காலாட்டினால் குடும்பத்துக்கு ஆகாது" என்று என்னைத் திட்டிய பாட்டி, தன் மகன் ராத்திரியெல்லாம் வாசலில் நடந்ததற்கு ஒன்றும் சொன்னதில்லை. அப்பாவுக்குக் கடன் கவலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

டிசம்பர் 11

தைலம் தேய்த்தேன். (நீலகிரியில் எதற்கும் முதல் வைத்தியம் அதுதானே.) எரிச்சலில் பத்து நிமிடம் குடைச்சல் மறந்தது.

டிசம்பர் 14

விடிந்ததும் சண்டை. "ஏங்க, நேத்து தூங்கவே இல்ல, உங்க உதையத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன்." நானோ நன்றாகத் தூங்கியதாக நினைத்திருந்தேன்! முதலில் கட்டைவிரல் நிமிருமாம், அப்புறம் கணுக்கால் மடங்கி, முழங்கால் வெட்டி இழுக்குமாம். ஓரிரு விநாடிதான். செல்போனில் நேரம் பார்த்திருக்கிறாள்: 25 விநாடிக்கு ஒன்று, அரைமணி நேரம் விடாமல். குடைச்சல் எனக்கு, உதை அவளுக்கு.

டிசம்பர் 19

கோவையில் நரம்பு மருத்துவரைப் பார்த்தேன். காலைப் பேருந்தில் தொல்லையில்லை. திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது; சீட் இருந்தும் கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க நின்றுகொண்டே வந்தேன். கண்டக்டர் விநோதமாகப் பார்த்தார்.

இதற்கு 'ஓய்வற்ற கால்கள்' (Restless Legs Syndrome) என்று பெயராம். விழித்திருக்கும்போது வரும் இந்தக் குடைச்சல் உள்ளவர்களில் 80 சதவீதம் பேருக்குத் தூக்கத்தில் இந்த உதையும் இருக்குமாம். 1945-லேயே எக்போம் என்ற சுவீடன் மருத்துவர் விரிவாக எழுதிவிட்டாராம். பரம்பரையாகவும் வருமாம். அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 13.4, குறையில்லை. ஆனால் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 19. இந்த நோய்க்கு 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்ப்பார்களாம். மூளையில் இரும்பு குறைந்தால், அசைவைக் கட்டுப்படுத்தும் டோபமைன் என்ற ரசாயனம் தடுமாறும் என்றார். டோபமைன் வகை மாத்திரையைக் கேட்டதற்கு, சிலருக்கு நாளாக ஆக அதுவே குடைச்சலைக் கூட்டிவிடும், இப்போது வேண்டாம் என்றார். போன மாதம் சளிக்குப் போட்ட, தூக்கம் வரவைக்கும் மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார். அதுவும் காலைக் கிளறுமாம்.

அப்புறம்தான் இடி. டீ இரும்பை உடம்பில் சேரவிடாது, இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் தொடாதீர்கள்; சாயங்காலத்துக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுபவனிடம்!

டிசம்பர் 27

மூன்று நாள் தலைவலி. எந்த வீட்டுக்குப் போனாலும் டம்ளரை நீட்டுகிறார்கள். மறுத்தால் கோபம் என்று நினைக்கிறார்கள். மாத்திரையை நெல்லிக்காய்ச் சாற்றோடு விழுங்குகிறேன்.

ஜனவரி 6

வாசல் புல்லில் உறைபனி. "நேத்து எத்தனை?" என்று கேட்டேன்.

"எண்ணல. தூங்கிட்டேன்."

கால் அடங்கியதா, இவள் அசந்துவிட்டாளா? சொல்ல ஆளில்லை.