பங்குனி விடியலில் டிரைஃபிட் நெபுலா

டிரைஃபிட் நெபுலா என்பது தனுசு ராசியில் தெரியும், வாயுவும் தூசும் கலந்த ஒரு விண்மேகம். அந்த ராசியைப் படமெடுக்க எங்கள் பக்கம் பங்குனிதான் தோது. ஆனியில் அது ராத்திரி முழுக்க வானத்தில் நிற்கும், ஆனால் மேற்கே மலையிலிருந்து வரும் சாரல் மேகமும் காற்றும் விடாது. அதனால் விடியற்காலை மூன்று மணிக்கு நாங்குநேரி தாண்டி ஒரு குளத்தின் தென்கரையில் முக்காலியை ஊன்றினேன்.

தென்கரைக்குக் காரணம் உண்டு. வானத்தின் சுழற்சிக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக வைக்க வேண்டும். இங்கே அது தொடுவானத்திலிருந்து எட்டரை டிகிரி உயரத்தில்தான் இருக்கும். வடக்கே நாலு பனை நின்றால் போச்சு. டிராக்கரின் அடித்தகடும் அவ்வளவு கீழே சாயாது. முக்காலியின் வடக்குக் காலைக் குட்டையாக்கிச் சமாளித்தேன்.

200 மிமீ லென்ஸ், ஒரு நிமிட எக்ஸ்போஷர்கள், படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் அடுக்கியாயிற்று. பக்கத்திலுள்ள லகூன் நெபுலாவும் அதே ஃபிரேமில் விழுந்தது. அதுதான் பெரிது, பிரகாசமும் அதிகம். இருந்தாலும் எனக்கு டிரைஃபிட்தான். நிலாவை விடச் சற்றே சிறிய இடத்தில் மூன்று நிறம், மூன்றுக்கும் வெவ்வேறு காரணம்!

வடக்குப் பக்கத்து நீலம் சுலபமாக வந்தது. பக்கத்து விண்மீனின் ஒளியைத் தூசு சிதறடிப்பதால் வருவது அது. சிவப்புதான் படுத்தியது. நடுவிலுள்ள சூடான விண்மீனின் புற ஊதாக் கதிர் ஹைட்ரஜனிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்துவிடும். அது மறுபடி ஒட்டிக்கொண்டு ஆற்றல் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கும்போது 656 நானோமீட்டரில் சிவப்பு வரும். சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சாருக்கு முன்னாலுள்ள ஃபில்டர் அதில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கிடைத்தது வெளிறிய ரோஸ். அப்புறம் நண்பரிடம் அந்த ஃபில்டரைக் கழற்றிய கேமராவை இரவல் வாங்கிய பிறகுதான் செம்பருத்திச் சிவப்பு வந்தது.

சரி, சிவப்பு வந்ததும் கை சும்மா இருக்குமா? சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, ஏற்றினேன். சிவப்பை மூன்றாகப் பிளக்கும் கறுப்புக் கோடுகள் மங்கின. அந்தக் கறுப்பு வெற்றிடமல்ல, அடர்ந்த தூசு. 2005-ல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படத்தில் இந்த நெபுலாவுக்குள் இன்னும் கருவாக உருவாகிக்கொண்டிருக்கும் 30 பெரிய விண்மீன்களும் 120 சிறிய இளம் விண்மீன்களும் தெரியவந்தன. அந்தக் கருக்களில் பத்து, நான்கு கறுப்பு முடிச்சுகளுக்குள் இருந்தவை. இதைத் தெரிந்துகொண்டு கோடுகளை அழிக்க மனம் வரவில்லை. நிறத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டேன். பார்த்தவர்கள் "டல்லா இருக்கே" என்கிறார்கள், இருக்கட்டும்.

கோடுகள் இன்னும் தெளிவாகப் பிரிய 200 மிமீ போதாது. சின்ன டெலஸ்கோப்பை இந்த டிராக்கர் தாங்குமா என்று காற்றில்லாத ஒரு இரவில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.