சோதனைச் சாவடியில் நிற்கும் மனிதர்

கடந்த வாரம் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களிடையே, பயங்கரவாதமும் பொதுச் சேவையும் என்ற பொருளில் காவல் ஆய்வாளர் ஒருவர் உரையாற்றினார். கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்தில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு இத்தகைய உரைகள் புதியவை அல்ல. சட்டப் பிரிவுகளின் எண்களும் எச்சரிக்கைகளுமாக ஒரு மணி நேரம் கழியும் என்றே நினைத்திருந்தேன். அவரோ கேரள எல்லையிலுள்ள எங்கள் களியக்காவிளையிலிருந்து தொடங்கினார்.

2020 ஜனவரி 8 அன்று இரவு, களியக்காவிளை சந்தைச் சாலைச் சோதனைச் சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் கொல்லப்பட்டதை இம்மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. சில நாள்களில் இருவர் கர்நாடகத்தின் உடுப்பியில் பிடிபட்டதும், வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றதும் அப்போதே செய்திகளில் வந்தவைதான். ஆய்வாளர் அவற்றை ஓரிரு வாக்கியங்களில் முடித்துவிட்டு, சாவடிப் பணி எப்படிப்பட்டது என்பதை விரிவாகச் சொன்னார். ரேஷன் அரிசி மூட்டைகள் எல்லை தாண்டுகின்றனவா என்று லாரியின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பது, வண்டி எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது, தூக்கத்தில் ஓட்டுகிறவரை நிறுத்தி முகம் கழுவச் சொல்வது என்று ஓர் இரவு அங்கே நகரும். யாரும் கைதட்டாத அந்த வேலைக்குத்தான் பொதுச் சேவை என்று பெயர் என்றார்.

மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பேருந்தில் பலமுறை போயிருக்கிறேன். சாவடியில் வண்டி நிற்கும்போதெல்லாம் நேரமாகிறதே என்று எரிச்சல்பட்டேனே அன்றி, அங்கே நின்றவரின் முகத்தை ஒருமுறையாவது பார்த்ததாக நினைவில்லை. அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருந்தபோது அது எனக்கு வெட்கத்தைத் தந்தது.

பின்னர் அவர் கடலுக்கு வந்தார். எங்கள் மாணவர்களில் பலர் தூத்தூர், இரயுமன்துறை, நீரோடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள் என்பதால் அரங்கில் ஒரு நிமிர்வு தெரிந்தது. 2008 நவம்பர் 26 அன்று மும்பைக்குள் நுழைந்த பயங்கரவாதிகள் பத்துப் பேரும் கடல் வழியாகவே வந்தார்கள். குஜராத்தைச் சேர்ந்த ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகை நடுக்கடலில் கைப்பற்றி, அதிலிருந்த மீனவர்களைக் கொன்று, கடைசியில் ரப்பர் படகில் கரையிறங்கினார்கள். 166 உயிர்களைப் பறித்த அத்தாக்குதலில் முதலில் மாண்டவர்கள் மீனவர்களே. கொலாபாவின் மீனவர் குடியிருப்பில் அவர்கள் இறங்கியபோது, நீங்கள் யார் என்று கேட்டவர்களும் மீனவர்களே. அதே இரவில் கிர்காவ் சௌபாத்தியில் துக்காராம் ஓம்ப்ளே என்ற உதவி துணை ஆய்வாளர், குண்டுகள் உடலைத் துளைத்தபோதும் பயங்கரவாதி கசாபின் துப்பாக்கிக் குழலை விடாமல் பற்றிக்கொண்டதால்தான் பத்துப் பேரில் ஒருவன் உயிரோடு பிடிபட்டான். ஓம்ப்ளேவுக்கு மறைவுக்குப் பின் அசோக சக்கரம் வழங்கப்பட்டது.

நம் கரையில் ‘சாகர் கவாச்’ என்னும் கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையின்போது, தீவிரவாதிகளைப் போல் வேடமிட்ட காவலர்கள் படகில் ஊடுருவ முயல்வதையும், மற்றவர்கள் அவர்களைப் பிடிக்கக் காத்திருப்பதையும் மாணவர்கள் கண்டிருக்கிறார்கள். பதிவு எண் இல்லாத படகைக் கண்டால் அருகே போய் வீரம் காட்ட வேண்டாம், இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு கடலோரக் காவல் குழுமத்தின் 1093 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள் என்றார் அவர். அப்பா ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கல் போனால் பல நாள் கழித்தே திரும்புவார், அங்கே கைப்பேசிக்குச் சிக்னல் ஏது சார் என்று ஒரு மாணவி கேட்டாள். கரையிலிருந்து தொலைவில் வயர்லெஸ் கருவியில் பக்கத்துப் படகுக்குச் சொன்னாலும் செய்தி கைமாறிக் கரை சேரும் என்பது அவரது பதில். கடலில் பல மீனவர்களைப் பலிகொண்ட ஓகி புயலின் நாள்களை வாழ்ந்து பார்த்த அந்தப் பெண்ணுக்கு அது போதுமான பதிலாக இருந்திருக்காது, எனக்கும் போதவில்லை.

மற்றொரு மாணவன் எழுந்து, எங்காவது ஏதாவது நடந்துவிட்டால் எங்கள் பெயரைக் கேட்டதுமே ஆள்கள் வேறு மாதிரி பார்க்கிறார்களே என்றான். அரங்கு அமைதியானது. மூன்று மதத்தவரும் சுவரை ஒட்டிச் சுவராக வாழும் மாவட்டம் இது. 1982இல் மண்டைக்காட்டில் மூண்ட கலவரத்தை இங்குள்ள மூத்தவர்கள் இன்றும் குரல் தாழ்த்தியே பேசுவார்கள். பெயரைச் சந்தேகிப்பவன் தவறான ஆளைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் உண்மையான குற்றவாளி நடந்து போய்விடுவான், ஆகவே செயலைப் பாருங்கள் என்றார் ஆய்வாளர். கேட்பாரற்றுக் கிடக்கும் பை, காரணமின்றிப் பாலத்தைப் படமெடுப்பது, போலி அடையாள அட்டையில் வீடு கேட்பது போன்றவற்றைச் சொன்னார். உரை முழுவதிலும் நான் மிகவும் மதித்த பகுதி இதுவே. ஒரு சமூகத்தை அஞ்ச வைத்து விட்டால், தகவல் சொல்ல வேண்டியவர்களின் வாயை நாமே அடைத்துவிடுகிறோம்.

பயமாக இருக்காதா சார் என்று கடைசியாக ஒருவன் கேட்டான். இருக்கும் என்றார். வில்சன் கொல்லப்பட்ட வாரத்தில் எல்லைச் சாவடி ஒன்றில் இரவுப் பணிக்கு அனுப்பப்பட்டவர்களில் தாமும் ஒருவர் என்றும், மனைவி மணிக்கொருமுறை கூப்பிட்டதாகவும், விடியும்வரை ஒவ்வொரு வண்டியாக நிறுத்திப் பார்த்துப் பதிவேட்டில் எண்ணை எழுதிக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்.