அரை லிட்டர் பாக்கெட்டை நிறுத்தின பிறகு

2025 ஜூன் 2, திங்கள்

காலையில் பால் போடும் தம்பியிடம் "நாளையிலிருந்து வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டேன். "ஊருக்குப் போறீங்களா சார்?" என்றான். ஆமாம் என்றேன். பொய்தான், வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கன்றுக்குட்டிக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா. சின்ன வயதில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கே மாட்டைக் கொண்டுவந்து கறந்து கொடுப்பார் ஒரு பால்காரர். கன்று செத்துப்போயிருந்தது. அதன் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து மாட்டின் முன்னால் சாய்த்து வைப்பார், மாடு அதை நக்கிக்கொண்டே பாலை விடும். தையல் பிரிந்து ஒரு பக்கம் வைக்கோல் நீட்டிக்கொண்டிருக்கும், அந்த இடத்தையும் சேர்த்துத்தான் நக்கும். முப்பது வருடமாக மண்டையில் கிடந்தது இப்போதுதான் வேலையைக் காட்டுகிறது, பால், தயிர், நெய் எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று முடிவு.

ஆனால் நான் சமையலில் பெரிய சோம்பேறி. ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு தோசைக்கல். பாதாம் பால், முந்திரி சீஸ் என்று காசைக் கரைப்பதாக இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

உட்கார்ந்து யோசித்தால் மாற்றுவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. கடையில் வாங்கிய மாவில் இட்லி, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். மதியம் அரிசி ஒரு டப்பாவிலும் துவரம் பருப்பு ஒரு டப்பாவிலுமாக ஒரே குக்கரில், பருப்போடு இருக்கிற காயை நறுக்கிப் போட்டால் சாம்பாருக்குப் பாதி வேலை முடிந்தது. ரசத்துக்கு நெய்க்குப் பதில் எண்ணெயில் கடுகு தாளித்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஞாயிறு ஒரு நாள் புளிக்காய்ச்சல் கிண்டி வைத்தால் வாரம் முழுக்க வரும். வெண்பொங்கல் மட்டும்தான் நெய் போனதும் காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற கஞ்சியாகிவிட்டது. சரி, அது போகட்டும்.

இடிக்கிற இடம் காப்பி. இன்று டிகாஷனில் தேங்காய்ப் பால் ஊற்றிப் பார்த்தேன், பாயசத்தில் காப்பித்தூள் விழுந்த மாதிரி இருந்தது. கீழே கொட்டிவிட்டு உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுக் கடுங்காப்பியாகக் குடித்தேன். பழகிவிடும் என்று நினைக்கிறேன், தலைவலி மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

திருநெல்வேலியில் கல்யாணம். இலையில் எதைத் தொடுவது என்று பார்த்தால் அவியலில் தயிர், பச்சடியில் தயிர், பாயசத்தில் பால். சாம்பார், பொரியல், அப்பளம், ஊறுகாய் போதும் என்று உட்கார்ந்தேன். பருப்பு வைத்தார்கள், பின்னாலேயே நெய் வாளி. கையை இலைக்கு மேல் குடை மாதிரி பிடிப்பதற்குள் விழுந்துவிட்டது. நெய் பட்ட பருப்பை ஓரமாக ஒதுக்கினேன், பக்கத்து இலையிலிருந்த சித்தப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"ஏல, நாமளே சைவம், அதுக்கு மேல என்னல சைவம்?"

வீகன் என்றேன், பால், நெய்கூடத் தொடாத சைவம். இந்தச் சொல்லே 1944இல் இங்கிலாந்தில் பிறந்ததுதான், டொனால்ட் வாட்சனும் கூட்டாளிகளும் வெஜிட்டேரியன் என்ற ஆங்கிலச் சொல்லின் தலையையும் வாலையும் ஒட்டிச் செய்தது என்றெல்லாம் ஆரம்பித்தேன். அவர் அதற்குள் மோருக்குக் குழி பறித்துக்கொண்டிருந்தார். அடுத்த விசேஷத்தில் "பால் சேராது" என்று சொல்லிவிடப் போகிறேன், நோய் என்றால் ஒருவரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

ஜூன் 9, திங்கள்

லீவை ஒரு நாள் நீட்டியதற்குக் காரணம் சொதி. எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் இதுதான். தேங்காயை அரைத்து முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டாம் பாலில் முருங்கைக்காய், உருளை, கேரட், பீன்ஸ் எல்லாம் வேகும். வெந்த பாசிப்பருப்பு, கீறின பச்சை மிளகாய், இஞ்சிச் சாறு. கடைசியில் முதல் பாலை ஊற்றி, நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும், கொதிக்க விட்டால் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிவது அதற்கும் அப்புறம். சமையல்காரரான தவசிப்பிள்ளையிடம் நெய் உண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "சொதிக்கு எதுக்குத் தம்பி நெய்? தேங்காப் பாலே கிடக்கே" என்றார். மூன்று தடவை சோறு வாங்கினேன்.

ஜூன் 14, சனி

சென்னைக்கு வந்தாயிற்று. தயிர் ஏக்கம் தாங்காமல் நிலக்கடலைத் தயிர் போட்டுப் பார்த்தேன். ஒரு டம்ளர் கடலையை ராத்திரி ஊறவைத்து, தோலுரித்து (இதற்கே அரை மணி நேரம்), அரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் ஆறு பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு மூடி வைத்தேன். மறுநாள் திறந்தால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் தோசை மாவு. புளிப்பு வந்திருந்தது, தயிர் வரவில்லை. கழுவ நாலு பாத்திரம். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

ஜூன் 18, புதன்

அம்மா போனில் எலும்பு உளுத்துப்போகும் என்றாள். கால்சியம் அவ்வளவு பெரிய பாடில்லை, 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் 120 சொச்சம்தான். அதில் முழுதும் உடம்பில் சேராது என்பது வேறு விஷயம், அதனால் எள்ளுப் பொடி, கீரை என்று சேர்த்துக்கொள்கிறேன். சமையலறையில் கிடைக்காதது வைட்டமின் பி12 ஒன்றுதான். கீரையாலும் பருப்பாலும் அதை ஈடுகட்ட முடியாது. டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கிக் காப்பித்தூள் டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறேன், வேறெங்கே வைத்தாலும் மறந்துவிடுவேன்.

ஜூன் 21, சனி

தயிருக்கு வழி பானையிலேயே இருந்திருக்கிறது. ராத்திரி மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் சென்னை வெயிலுக்குக் காலையில் தானே புளித்துவிடுகிறது. கல்லுப்பு போட்டுப் பிசைந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள ஊரிலிருந்து கொண்டுவந்த மோர் மிளகாயை நாலு வறுத்தேன். மூன்றாவது மிளகாயைக் கடிக்கும்போதுதான் பெயர் உறைத்தது. மோர்! மூன்று வாரமாகப் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பால் பவுடர் தேடியவன் நான். சுண்டைக்காய் வத்தல் டப்பாவையும் எடுத்துப் பார்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். "மோர்ல ஊறப்போடாம வத்தல் எப்படிப்பா போடுறது?" என்றாள். நாலாவது மிளகாயையும் தின்றுவிட்டேன், வறுத்ததை என்ன செய்ய.

ஜூலை 6, ஞாயிறு

ஊரிலிருந்து பார்சல். உள்ளே ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய மிளகாய், மூடியில் ஒட்டின காகிதத்தில் "மோர் இல்லை" என்று அம்மா கையெழுத்து. வெறும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டாளாம். இரண்டை வறுத்துப் பழையதோடு கடித்தேன். காரம் நெஞ்சில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, புளிப்பு துளிகூட இல்லை. நல்லாயிருக்கும்மா என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த தடவை போடும்போது எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் என்ன என்று பையக் கேட்டுப் பார்க்க வேண்டும்.