1975க்கு முந்தைய ஏர் பிரேக் டிரக்: அமெரிக்காவில் லைசென்ஸ் எடுப்பதும் அதற்கு மேலே தெரியவேண்டியதும்

மேக் பி-61, நீண்ட மூக்கு கென்வொர்த் போன்ற பழைய டிரக்கை வாங்கியவுடன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "விண்டேஜ் வண்டிதானே, சிடிஎல் (வணிக ஓட்டுநர் லைசென்ஸ்) வேண்டுமா?" வண்டியின் வயதுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட் வாங்கியிருந்தாலும் அது வண்டிக்கான பதிவு மட்டும்தான், ஓட்டுபவரின் லைசென்ஸ் தனிக் கணக்கு. எடை எவ்வளவு, எதற்காக ஓட்டுகிறீர்கள், லைசென்ஸ் தந்த மாநிலம் எது என்ற மூன்றையும் வைத்துத்தான் பதில் வரும்.

எடையில் எல்லைக்கோடு 26,001 பவுண்டு. எடைமேடையில் வண்டி என்ன காட்டுகிறது என்பதோடு இது முடிவதில்லை. சுமையோடு சேர்த்து இவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் குறித்த ஜிவிடபிள்யூஆர் அளவையும் பார்ப்பார்கள், இரண்டில் எது அதிகமோ அதுவே கணக்கு. டிரெய்லர் இல்லாத டிராக்டர் (டிரெய்லரை இழுக்கும் முன்வண்டி) வெறும் 14,000 பவுண்டு இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. ஒற்றை வண்டி இந்த எல்லையைத் தாண்டினால் கிளாஸ் பி. டிரெய்லரின் ரேட்டிங் 10,000 பவுண்டுக்கு மேல் போய், இரண்டும் சேர்ந்து 26,001ஐத் தொட்டால் கிளாஸ் ஏ. ஐம்பதுகளின் வண்டிகளில் பெரும்பாலும் இந்த ரேட்டிங் தகடே இருக்காது, அல்லது பெயின்ட் அடித்து அடித்துப் படிக்க முடியாமல் போயிருக்கும். சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு தயாரிப்புப் பதிவைத் தேடுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம், பென்சில்வேனியாவின் அலன்டவுனில் இருக்கும் மேக் அருங்காட்சியகம் பழைய சேசிஸ் பதிவுகளைக் காத்து வைத்திருக்கிறது. லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போகும் முன்பே இந்தக் காகிதம் கையில் இருக்கட்டும், கவுன்ட்டரில் இருப்பவர் ஊகித்து எழுதும் எண் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

அடுத்தது நோக்கம். கூட்டாட்சிச் சட்டத்தின் சிடிஎல் கட்டாயம் வணிகத்துக்கு ஓட்டும் வண்டிகளுக்கானது. சொந்த வண்டியைச் சொந்தச் செலவில் கண்காட்சிக்கு ஓட்டிப்போவது அதில் அடங்காது. பரிசுப் பணம் வாங்கினால்? அதைச் சாதாரண வருமானமாக வரியில் காட்டி, பொழுதுபோக்கின் செலவை வியாபாரச் செலவாகக் கழிக்காமல், நிறுவன ஸ்பான்சரும் இல்லாமல் இருந்தால் வணிகமல்ல என்பது எஃப்எம்சிஎஸ்ஏ (டிரக், பஸ் பாதுகாப்பைக் கவனிக்கும் கூட்டாட்சி அமைப்பு) தந்திருக்கும் விளக்கம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கதவில் 'நாட் ஃபார் ஹயர்' (வாடகைக்கு அல்ல) என்று அழகாக எழுதிவிட்டு, டீசல் செலவை நிறுவனக் கணக்கில் போடுவார்கள். அந்த எழுத்துக்குத் தனியாக ஒரு பலமும் கிடையாது. நண்பரின் பழைய டிராக்டரை ஏற்றிப்போய் நூறு டாலர் வாங்கினாலும் அது வாடகைச் சவாரிதான்.

சரி, வணிகமில்லை என்று தெளிவாகிவிட்டது. அத்தோடு சாதாரணக் கார் லைசென்ஸ் போதும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதே விளக்கமே, லைசென்ஸ் விஷயத்தை அவரவர் மாநிலத்திடம் கேட்டுக்கொள்ளச் சொல்கிறது. டெக்சாஸிலும் பென்சில்வேனியாவிலும் வணிகம் சாராத கிளாஸ் ஏ, பி என்று தனி வகுப்புகளே உண்டு. ஓட்டும் தேர்வும் உண்டு, அதற்கு அந்த வகுப்பு வண்டியை நீங்களே கொண்டுபோக வேண்டும். தொலைபேசியில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். மாநிலக் கையேட்டில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒன்டாரியோவில் கதை வேறு. வண்டி வணிகமோ பொழுதுபோக்கோ, ஏர் பிரேக் (காற்றழுத்தத்தால் பிடிக்கும் பிரேக்) இருந்தால் லைசென்ஸில் இசட் முத்திரை வேண்டும். 11,000 கிலோவைத் தாண்டினால் கிளாஸ் டி-யும் சேரும். பிரிட்டனில் நேர்மாறு. 1960க்கு முன் தயாரான சரக்கு வண்டியைச் சுமையில்லாமல் ஓட்டினால், 21 வயதான கார் லைசென்ஸ்காரரே ஓட்டலாம். இந்த விஷயத்தில் எனக்கு ஒன்டாரியோக்காரர்கள் பக்கம்தான் சாய்வு.

காரணம் ஏர் பிரேக். அமெரிக்காவில் அதற்குத் தனி அனுமதி என்று ஒன்று இல்லை. சிடிஎல் தேர்வில் அந்தப் பகுதியைத் தாண்டாவிட்டால் லைசென்ஸில் தடை எழுத்து விழும், அவ்வளவுதான். எழுத்துத் தேர்வில் தோற்றாலோ ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) பிரேக் வண்டியில் ஓட்டிக் காட்டினாலோ 'எல்', அதாவது ஏர் பிரேக் வண்டியே கூடாது. காற்று எண்ணெயைத் தள்ளிப் பிடிக்கும் ஏர் ஓவர் ஹைட்ராலிக் வண்டியில் ஓட்டினால் 'இசட்', முழு ஏர் பிரேக் கூடாது. ஒன்டாரியோவில் அனுமதி தரும் அதே எழுத்து இங்கே தடை! ஆட்டோமேட்டிக்கில் ஓட்டிக் காட்டினால் 'ஈ'. பயிற்சிப் பள்ளிகள் இப்போது ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கு மாறிவருகின்றன, ஆகவே பணம் கட்டும் முன்பே மேனுவல் கியர், முழு ஏர் பிரேக் வண்டி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய டிரக்குக்காக லைசென்ஸ் எடுப்பவருக்கு 'ஈ' விழுந்தால் பாதி வேலை வீண்.

சிடிஎல்லே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தால் வரிசை இது. மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வுகளில் 80 சதவீதம் எடுத்துக் கற்பவர் அனுமதி, அரசுப் பதிவேட்டில் உள்ள பயிற்சியாளரிடம் ஈஎல்டிடி எனும் புதிய ஓட்டுநர் பயிற்சி, இது 2022 பிப்ரவரி 7 முதல் கட்டாயம். அனுமதி கைக்கு வந்து 14 நாளாவது ஆன பிறகுதான் ஓட்டும் தேர்வு. தேர்வில் வண்டிச் சோதனை, யார்டுக்குள் பின்னால் எடுத்தல், சாலை என்று மூன்று பகுதி. முதல் பகுதியில் வரும் ஏர் பிரேக் சோதனையில் ஒரு படி தவறினாலே அன்றைய தேர்வு முடிந்தது.

அந்தச் சோதனையை உதடு தானாகச் சொல்லும்வரை பழக வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு கவர்னர் கட்-அவுட் ஆகும்வரை (கம்ப்ரசர் காற்றை ஏற்றுவது தானாக நிற்கும்வரை), பொதுவாக 125 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) பக்கம், காற்று ஏறட்டும். எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆன் நிலையில் வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுங்கள். ஒரு நிமிடத்தில் ஒற்றை வண்டியில் 2, டிரெய்லரோடு 3 பிஎஸ்ஐக்கு மேல் இறங்கக்கூடாது. அடுத்து பெடலை அழுத்திப் பிடியுங்கள். அழுத்தியவுடன் அழுத்தமானியின் முள் ஒருமுறை சரியும், அது கணக்கில் வராது. முள் நின்றபின் ஒரு நிமிடத்தில் 3, டிரெய்லரோடு 4. பிறகு பெடலை அழுத்தி அழுத்திக் காற்றை இறக்குங்கள்: 55 பிஎஸ்ஐக்குக் கீழே போகும் முன் எச்சரிக்கை வர வேண்டும், 20க்கும் 45க்கும் இடையில் பார்க்கிங் பிரேக்கின் நாப் (குமிழ்) தானாக வெளியே குதிக்க வேண்டும். பலர் தோற்பது இரண்டே இடத்தில். சாவியை ஆஃப் செய்துவிட்டு எச்சரிக்கை ஒலிக்கவில்லையே என்று திகைப்பார்கள். அல்லது எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு எண்களை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தேர்வாளர் நீங்கள் சொல்வதற்குத்தான் மதிப்பெண் போடுகிறார்.

பாஸாகிவிட்டீர்கள். இப்போது உங்கள் 1958 வண்டியில் ஏறினால், படித்ததில் பாதி அங்கே இல்லை. எஃப்எம்விஎஸ்எஸ் 121 எனும் ஏர் பிரேக் பாதுகாப்பு விதி டிரக்குகளுக்கு 1975இல் வந்தது. இரட்டை ஏர் சர்க்யூட் (தனித்தனி இரு காற்றுப் பாதைகள்) பொதுவானது அதன் பிறகுதான். அதற்கு முந்தையதில் பெரும்பாலும் ஒரே சர்க்யூட். ஒரு ஹோஸ் வெடித்தால் எல்லாச் சக்கரத்துக்கும் காற்று போய்விடும். புதிய வண்டியில் காற்று போனால் காற்று அடக்கி வைத்திருந்த ஸ்பிரிங் விடுபட்டு, ஸ்பிரிங் பிரேக் இறுகி வண்டி நிற்கும். ஸ்பிரிங் பிரேக் இல்லாத பழைய வண்டியில் காற்று போனால் பிரேக்கே போயிற்று. குதிக்க அங்கே நாபும் கிடையாது. ஆகவே தேர்வுக்குப் பயிற்சிப் பள்ளியின் வண்டியையே வாடகைக்கு எடுங்கள், உங்கள் வண்டியில் தேர்வாளர் கேட்கும் பல பாகங்களைத் தொட்டுக்காட்டவே முடியாது.

பார்க்கிங்குக்கு இருப்பது கியர்பாக்ஸுக்குப் பின்னால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் ஒரு டிரம். ஓடும்போது அதை இழுத்தால் ஷாஃப்ட் ஜாயிண்ட் முறியலாம். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கினால் டிஃபரன்ஷியல் வழியாக வண்டி நழுவும், அந்த டிரம் பிடித்திருந்தும் பயனில்லை. ஊரில் கிளீனர் இறங்கியவுடன் கட்டை போடுவாரே, அந்தப் பழக்கம் இங்கே கட்டாயம்.

காற்று ஏறும் வேகமும் வேறு. இரட்டை சர்க்யூட்டில் 85இலிருந்து 100க்கு 45 வினாடி என்று படித்திருப்பீர்கள். ஒற்றை சர்க்யூட்டுக்கு 600 முதல் 900 ஆர்பிஎம் ஐடிலில் 50இலிருந்து 90 ஏற 3 நிமிடம் வரை சரி. அதற்கு மேல் இழுத்தால் கம்ப்ரசர் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசிவு. சோப்புத் தண்ணீரைப் பெடல் வால்வின் எக்ஸாஸ்ட், குயிக் ரிலீஸ் வால்வு, டேங்க் டிரெயின் திருகு, இந்த வரிசையில் தடவிப் பாருங்கள். சில வண்டிகளில் எச்சரிக்கைக்கு பஸ்ஸர் இருக்காது, அழுத்தம் குறைந்தால் கண்ணாடிக்கு முன் ஒரு கை தொங்கி ஆடும். 'விக்-வாக்' என்பார்கள். காற்று போதுமான அளவு ஏறாமல் அதை மேலே தூக்கி மாட்ட முடியாது. எனக்குப் பஸ்ஸரைவிட இது மேல்.

பிரேக் தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர் 1994 அக்டோபர் முதல்தான் கட்டாயம். உங்களுடையது கையால் முறுக்குவது. கட்டை போட்டு, பார்க்கிங் பிரேக்கை விட்டு, அதைக் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். பிரேக் சேம்பரிலிருந்து (காற்று நிறையும் கிண்ணம்) வரும் புஷ்ராட் தண்டு சேரும் இடத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் அசைந்தால் சரிசெய்ய வேண்டும். பூட்டு வளையத்தை ஸ்பேனரால் உள்ளே அழுத்தி, ஷூ டிரம்மைத் தொடும்வரை முறுக்கி, கால் முதல் அரைச் சுற்று பின்னால் விடுங்கள். முறுக்கும் திசை சரியா என்பதை, ஷூவை விரிக்கும் எஸ்-கேம் காட்டும்: பிரேக் பிடிக்கும்போது திரும்பும் பக்கமே திரும்ப வேண்டும். பிறகு 90 முதல் 100 பிஎஸ்ஐயில் முழு அழுத்தத்தில் ஸ்ட்ரோக்கை (புஷ்ராட் நகரும் தூரத்தை) அளந்துவிடுங்கள். டைப் 30 சேம்பருக்கு எல்லை 2 அங்குலம், டைப் 20க்கும் 24க்கும் 1¾. வண்டி நன்றாகவே நிற்கிறது என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். டிரம் சூடாகி விரியும்போது ஸ்ட்ரோக் இன்னும் கூடும், மலை இறக்கத்தில்தான் அது தெரியவரும்.

முன்சக்கரத்தில் பிரேக் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். 1980 ஜூலை 25க்கு முன் தயாரான, மூன்று அல்லது அதற்கு மேல் ஆக்சில் உள்ள டிரக்குகளுக்கு முன் பிரேக் கட்டாயமில்லை, வந்ததையும் பலர் கழற்றிப் போட்டார்கள். டாஷில் 'நார்மல்', 'ஸ்லிப்பரி' என்று சுவிட்ச் இருந்தால் நார்மலிலேயே விடுங்கள், மற்ற நிலை முன் பிரேக்கின் பலத்தைக் குறைக்கிறது, வேறொன்றும் செய்வதில்லை.

பின் ஆக்சிலில் ஸ்பிரிங் பிரேக் சேர்ப்பதை நான் பரிந்துரைக்கிறேன். அசல் தோற்றம் கெடும் என்று கண்காட்சியில் முணுமுணுப்பார்கள், விடுங்கள். அந்தச் சேம்பரின் ஸ்பிரிங் பகுதி கிளாம்பை மட்டும் ஒருபோதும் கழற்றக்கூடாது. உள்ளே அடைபட்டிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

டேங்குகளைத் தினமும் வடிக்க வேண்டும், கம்ப்ரசருக்கு அடுத்ததை முதலில். தண்ணீர் வந்தால் இயல்பு. எண்ணெய் வந்தால் கம்ப்ரசர் ரிங்கைப் பாருங்கள், அந்த எண்ணெய் ரப்பர் டயாஃப்ரம்களைத் தின்றுவிடும்.

கியரைப் பற்றித் தேர்வு அதிகம் கேட்காது. இரண்டு லீவர் உள்ள 'இரட்டைக் குச்சி' கியர்பாக்ஸைக் காலி மைதானத்தில்தான் பழக வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், நடுவழியில் நியூட்ரலில் மாட்டினால் மறுபடி எந்தக் கியரும் விழாது. பாதுகாப்பு வேகம் மணிக்கு 40 மைல் என்றால், 40ஐத் தொட்டதும் பிரேக்கைப் பிடித்து 35க்கு இறக்கி முழுதாக விடுங்கள், மறுபடி 40 வந்தபின் பிடியுங்கள். பெடலைப் படபடவென்று அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டே போனால் சிறிய கம்ப்ரசரால் காற்றை ஈடுகட்ட முடியாது.

வண்டியில் வைக்க வேண்டிய காகிதங்கள்: பதிவு, இன்ஷூரன்ஸ், ஜிவிடபிள்யூஆர் ஆதாரம், மாநிலக் கையேட்டின் அந்தப் பக்கம், போகிற நிகழ்ச்சியின் அறிவிப்பு. இன்ஷூரன்ஸ் படிவத்தில் எழுதிய லைசென்ஸ் வகுப்பும் கையில் இருக்கும் வகுப்பும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழியில் வரும் எடைச் சாவடியில் சொந்த வண்டிகளும் நுழைய வேண்டுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கிளம்பும் முன் தெரிந்துகொள்ள நேரமில்லை என்றால் உள்ளே போய்விடுங்கள், தாண்டிப் போனால் துரத்திவந்து நிறுத்துவார்கள்.