ஆறாம் இலக்கச் சட்டை

எங்கள் காலத்து விளையாட்டைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று மலர்க்குழுத் தம்பி கேட்டார். சரி என்று உட்கார்ந்தால், முதலில் வந்து நிற்பவன் எங்கள் உதைபந்தாட்ட அணியின் ஃபுல்பாக். எங்கள் லெஃப்ட் விங்கைப் பின்னால் வந்து உதைத்து விழுத்தியவனுக்கு அவன் விட்ட அறை மைதானத்து வேப்பமரம் வரை கேட்டது. மறுநாள் காலைப் பிரார்த்தனைக்குப் பிறகு அதிபரிடம் ஆறு பிரம்படி. அதையும் ஏதோ கேடயம் வாங்குவதுபோலத்தான் வாங்கினான்.

ரொறன்ரோ வந்தபிறகு, இரவு வேலையில் கூட நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "உன் ஆள் ரெட் ஹோர்னர்தான்" என்றார். அப்புறம் விடியும்வரை மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் ஆதிகாலச் சண்டியர்களின் கதைதான்.

கிங் கிளான்சி சின்ன உருவம். 1930இல் 35,000 டொலரும் இரண்டு ஆட்டக்காரர்களும் கொடுத்து வாங்கப்பட்டவர். சண்டைக்கு முதல் ஆளாகப் போவார்; அநேகமாக வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார். ஹோர்னர் அப்படியல்ல. தொடர்ந்து எட்டுப் பருவங்கள் லீக்கிலேயே அதிக நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள், அதாவது தப்பாட்டம் ஆடியவரை வெளியே இருத்தும் இடத்தில், இருந்தவர் அவர்தான். 1935-36இல் மட்டும் 167 நிமிடங்கள்.

ஆனால் கிழவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது 1933 டிசம்பர் 12இன் கதை. பொஸ்ரனில் ஆட்டம். யாரோ விழுத்திய கோபத்தில் எழும்பிய பொஸ்ரன் அணியின் எடி ஷோர், ஆள்மாறியோ என்னவோ, லீஃப்ஸின் ஏஸ் பெய்லியைப் பின்னாலிருந்து மோதினார். பெய்லியின் தலை ஐஸில் அடிபட்டு மண்டையோடு வெடித்தது. ஹோர்னர் ஒரே குத்து, ஷோரும் சாய்ந்தார். பெய்லிக்கு மூளையில் இரண்டு சத்திரசிகிச்சை. உயிர் தப்பியது, ஆட்டம் அதோடு முடிந்தது. ஷோருக்கு 16 ஆட்டத் தடை.

இரண்டு மாதம் கழித்து, 1934 பெப்ரவரி 14, மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் பெய்லிக்காக ஒரு உதவி ஆட்டம். ஷோரும் வந்தார். பெய்லி அவருக்குக் கை கொடுத்தார். பெய்லியின் ஆறாம் இலக்கச் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அன்று முடிவாயிற்று. பின்னாளில் அதே அரங்கில் 1938இலிருந்து 1984வரை நேரக்கணிப்பாளராக இருந்தார் அந்த மனுசன். தன் ஆட்டத்தைப் பறித்த ஐஸின் ஓரத்தில் இத்தனை வருடம் மணி பார்த்துக்கொண்டு இருக்க எனக்கென்றால் மனம் வராது. சண்டியர் வரிசையில் நான் முதலில் வைப்பது அவரைத்தான். ஃபுல்பாக் கோபிப்பான், கோபிக்கட்டும்.

அந்தக் கார்டன்ஸின் கீழ்த்தளம் இப்போது சுப்பர்மாக்கற். நடுமைதானம் இருந்த இடத்தில், தரையில் ஒரு சிவப்புப் பொட்டு. போன கிழமை பால் வாங்கப் போனபோது வண்டிலோடு அதன்மேல் கொஞ்சநேரம் நின்றுவிட்டேன்.

"ஐயா, கொஞ்சம் விலத்துங்கோ" என்றது பின்னால் ஒரு குரல்.