லாலாங் வேர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன், தோட்டத்து ஆட்களுக்கு மிஸ்ஸி. வயிறு உப்புசம் என்று வந்தால் காற்றுக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது கை தானாகச் செய்யும் வேலை. 2019-இல் செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கும் ஓர் அக்காவுக்கும் மூன்று மாதம் அதைத்தான் கொடுத்தோம். பாவாடை நாடா எட்டவில்லை என்று அவர் சொன்னதை நான் கார்டில்கூட எழுதவில்லை.

நான்காம் தடவை டாக்டர் ஸ்கேன் வைத்தார். கர்ப்பப்பையை விட்டுத் தள்ளி, குடல் பக்கமாக உருண்டை உருண்டையாக ஐந்தாறு. எனக்குப் புற்றுநோய்தான் ஞாபகம் வந்தது. ஜெல்லைத் துடைக்கும்போதுதான் தொப்புளிலும் அடிவயிற்றின் இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நகம் அளவுத் தழும்புகளைப் பார்த்தேன். “ஆறு வருஷம் முன்ன கட்டி எடுத்தாங்க மிஸ்ஸி, கேமரா விட்டு.”

ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். சதையெடுத்துப் பார்த்ததில் அதே பழைய கட்டி, கர்ப்பப்பையில் வரும் சாதாரண மென்தசைக் கட்டி (ஃபைப்ராய்டு), புற்றுநோய் இல்லை. பெரிய கட்டியைச் சின்ன ஓட்டை வழியாக எடுக்க மோர்செல்லேட்டர் என்ற சுழலும் கத்தியால் துருவுவார்கள். சிதறிய துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் வயிற்றுச் சவ்விலோ குடலை மூடிய கொழுப்பிலோ ஒட்டி, அங்கேயே ரத்தம் பிடித்து, ஈஸ்ட்ரோஜென் தயவில் வளரும். அபூர்வம்தான், ஆபரேஷனே இல்லாமலும் சிலருக்கு வருவதுண்டு. இந்தக் கத்தி பற்றி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது 2014-இல், அதுவும் வேறு பயத்தில்: கட்டி என்று ஆபரேஷனுக்கு வரும் ஏறக்குறைய 350 பெண்களில் ஒருவருக்கு உள்ளே சார்கோமா என்ற புற்றுநோய் ஒளிந்திருக்கலாம், துருவினால் அது பரவிவிடும். அப்புறம்தான் பைக்குள் போட்டுத் துருவச் சொன்னார்கள். அக்காவுக்கு ஆபரேஷன் அந்த எச்சரிக்கைக்கு முந்தின வருஷம்.

எப்படி எடுத்தார்கள் என்று ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டோம், பழைய ஃபைல் இல்லை என்றுவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, சரி, என் கார்டு மட்டும் என்ன வாழ்ந்தது.

துணுக்கு முளைப்பதை அக்காவுக்கு எப்படி விளக்குவது என்று நான் தடுமாற, அவரே முடித்தார்: “லாலாங் புல்லு வேரைச் சங்கோலால கொத்தினா துண்டு துண்டா முளைக்குமே, அதானே?” மறு ஆபரேஷன் ஈப்போவில் வயிற்றைத் திறந்தே செய்தார்கள்.

இப்போது கார்டில் கட்டி எடுத்தவர்களுக்கு என்று பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: எப்படி எடுத்தார்கள்? போன வாரம் வந்தவர் சொன்னார், “எனக்கெப்படித் தெரியும் மிஸ்ஸி, நான் மயக்கத்துலல்ல இருந்தேன்.”